கொள்ளி வைத்த நண்பனை எப்படிப் போய்ப் பார்ப்பது?

கேள்வி:

எனக்கு 53 வயது. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். 1996 தை மாதம் மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்டு ஒன்பது நாள் உள்ளே இருந்தேன். அடுத்த வருசம் அம்மா நகைகளை விற்று என்னை வெளியே அனுப்பிவிட்டார். லண்டனில் என் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தபோது, 2007இல், அம்மா காலமானார். நான் ஒரே பிள்ளை. போக முடியவில்லை. கடை வைத்திருக்கும் என் பள்ளிக்கால நண்பன்தான் என் இடத்தில் நின்று கொள்ளி வைத்தான். எட்டு, 31ஆம் நாள் அந்தியேட்டி எல்லாம் அவன்தான் பார்த்தான். சாம்பலை வெள்ளவத்தைக் கடலில் கரைத்தான். நான் 600 பவுண் உண்டியலில், வங்கி இல்லாமல் ஆள் மூலம், அனுப்பினேன். அடுத்த கிழமை கோல் எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. ஒரு மாதத்தில் அந்தக் காசு தெஹிவளையில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா மூலம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் கதையில்லை. 2011இல் எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. அப்போதும் வரவில்லை. இந்த மார்கழியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு முதல் தடவையாக 18 நாட்களுக்கு வருகிறேன். போக வேண்டிய வீடுகள் 26 என்று பட்டியல் போட்டிருக்கிறோம். அவனைக் கடைசி நாள் பின்னேரம், எயார்போர்ட்டுக்கு வெளிக்கிட முதல், இரண்டு மணித்தியாலம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நல்ல போன் ஒன்று வாங்கிக்கொண்டு போகலாமா? அல்லது பழசைக் கிளறாமல் விட்டுவிடுவதுதான் நல்லதா?

(கடிதம் நீளமானது. சுருக்கி, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உங்களைவிட எட்டு வயது கூட. அந்த உரிமையில் தம்பி என்கிறேன்.

போய்ப் பாருங்கள். கடைசி நாளில் வேண்டாம், மூன்றாம் நாளில் போங்கள். போனும் வேண்டாம். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். காசு அனுப்பினேன், அடுத்த கிழமை கோல் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது அந்த ஒழுங்கு உங்கள் கண்ணில் பட்டிராது. அதை அவருடைய கடை வாசலில் நின்று பாருங்கள். அந்தியேட்டி முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். 31 நாள் உங்கள் அம்மாவுக்கு மகனாக இருந்த மனிதர். முன்பின் தெரியாத ஒருவன் வந்து, பெயர் கேட்டு, காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறான். உங்களிடமிருந்து ஒரு சொல் இல்லை. செத்தவீட்டு வேலை பார்க்கும் மலர்ச்சாலைக்காரனுக்குக் கணக்குத் தீர்த்தது போல அது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் மனதுக்குள் போய் நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படிப் பின்னால் நின்று எல்லாம் செய்தவர்கள் ஆலோசனை கேட்டு என் அறைக்கும் வருவார்கள். "காசு வந்தது, ஆள் வரவில்லை" என்று அவர்கள் சொல்லும் விதம் எனக்குப் பழக்கம்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நேரம் லண்டனிலிருந்து உங்கள் கைக்கு எட்டியது காசு மட்டும்தான். கோல் எடுத்தால் அழுதுவிடுவோம் என்று பயந்திருப்பீர்கள். காசுக்கு அழத் தெரியாது, அதனால் அதை முதலில் அனுப்பியிருப்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2007இல் அவருடைய தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்களா? நம்முடைய ஆக்கள் இந்த விசயத்தில் எவ்வளவு பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பெற்றோர் இருக்கிறவன் இன்னொரு வீட்டுச் செத்தவீட்டில் கொள்ளிச்சட்டி தூக்கினால் அவன் வீட்டில் அதற்கு ஒரு சண்டை நடந்திருக்கும். அந்தச் சண்டை நடந்ததா என்று நீங்கள் அவரிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய பட்டியலில் இதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வருசக் கொழும்பையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் 1997இல் போனவர். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குச் செய்தி, அவருக்குத் தெரு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழ் ஆக்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியது. மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்படியான ஒரு வருசத்தில், காலி வீதியில் மறித்து மறித்து அடையாள அட்டை கேட்கிற காலத்தில், தன் சொந்தம் இல்லாத ஒரு அம்மாவுக்கு மரணப் பத்திரம் எடுத்து, கனத்தை மயானத்தில் நேரம் பதிந்து, ஐயரைப் பிடித்து, ஆட்களைச் சேர்த்து அலைந்திருக்கிறார். நீங்கள் "எல்லாம் அவன்தான் பார்த்தான்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த "எல்லாம்" என்ன என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் வர வேண்டிய காரணமே அதுதான் என்று நான் நினைக்கிறேன். அம்மாவின் கடைசி நாட்கள் முழுவதும் அந்த ஒரு மனிதரிடம் இருக்கின்றன. 18 வருசமாக அதைக் கேட்டு வாங்க ஆள் வரவில்லை.

கடைசி நாள் ஏன் வேண்டாம் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். வாசலில் வான் நிற்கும். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. மனைவி இரண்டு தரம் நேரம் பார்ப்பார். அப்படியான நேரத்தில் எந்த மனிதரும் கோபப்பட மாட்டார், அழவும் மாட்டார். "சரி மச்சான், பிளைட்டுக்கு நேரமாகுது, போயிட்டு வா" என்பார். உள்ளுக்குள் நீங்களும் அதைத்தான் விரும்பியிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். தப்பிப்பதற்கு ஒரு விமானம் தயாராக நிற்பது வசதிதான். மூன்றாம் நாள் போனால் அந்த வசதி இல்லை. அவர் ஏதாவது சொன்னால் அதை வைத்துக்கொண்டு 15 நாள் இதே ஊரில் இருக்க வேண்டும். அவரும் யோசித்துவிட்டு, "நாளைக்கும் வா" என்று சொல்ல இடம் இருக்கும். முதல் இரண்டு நாள் நித்திரைக்கும் உடம்பு வெக்கைக்குப் பழகுவதற்கும் போகட்டும்.

திடீரென்று போய் வாசலில் நிற்காதீர்கள். படங்களில் நன்றாக இருக்கும். நிசத்தில் அந்த மனிதர் சாரத்தோடு நின்று திடுக்கிடுவார், மனைவி அவசரமாகச் சட்டை மாற்ற ஓடுவார், முதல் பத்து நிமிடம் கதிரை துடைப்பதிலேயே போய்விடும். வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதும் வேண்டாம். நீல அடையாளம் விழுந்து பதில் வராவிட்டால் நீங்கள் பைத்தியம் பிடித்து அலைவீர்கள். கோல் எடுங்கள். எடுத்தவுடன் மன்னிப்பில் தொடங்க வேண்டாம். போனில் கேட்கப்படும் மன்னிப்புக்கு எதிரில் இருப்பவர் "பரவாயில்லை" என்று சொல்லியே ஆக வேண்டியிருக்கும். அந்தச் சொல்லை அவரிடமிருந்து அவசரமாகப் பிடுங்காதீர்கள். இவ்வளவு போதும்: "மச்சான், நான்தான் கதைக்கிறன். மார்கழியில வாறன். முதல் உன்னட்டத்தான் வரவேணும் எண்டு நினைக்கிறன். வரட்டோ?" அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். எவ்வளவு நேரம் சத்தமில்லாமல் போனாலும் நீங்கள் நிரப்ப வேண்டாம்.

தனியாகப் போங்கள். மனைவி பிள்ளைகள் இரண்டாம் தரம் வரட்டும். வெறுங்கையோடு போகிற பழக்கம் நமக்கு இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு சொக்லேட் பெட்டி, இல்லாவிட்டால் காலி வீதியில் நல்ல கடையில் கொஞ்சம் பழம். போன், விஸ்கி, வாசனைத் தைலம் ஒன்றும் வேண்டாம். விலை கூடிய பொருள் எது போனாலும் அது அந்த 600 பவுணின் தம்பியாகத்தான் அவருக்குத் தெரியும். உங்களிடம் பழைய படங்கள் இருக்குமே. அம்மாவோடு நீங்கள் இருவரும் நிற்கிற படம் ஒன்று இருந்தால் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணாடிச் சட்டம் போட வேண்டாம். சட்டம் போட்டால் அவர் சுவரில் மாட்டியே ஆக வேண்டும். வெறும் படமாக இருந்தால் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

போய் உட்கார்ந்ததும் உங்கள் கேஸ் கதையைத் தொடங்காதீர்கள். ஹோம் ஒஃபிஸ், மேன்முறையீடு, சட்டத்தரணி எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அவர் கேட்காத கேள்விக்குப் பதில் அது. தேத்தண்ணி வரட்டும், குடியுங்கள். பிறகு நேராகக் கேளுங்கள்: "அம்மான்ர கடைசி நாள் எப்பிடி இருந்தது? எனக்கு ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்ல." சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எந்தச் சீலை உடுத்தினார்கள், யார் குளிப்பாட்டினார்கள், மழை பெய்ததா, ஒழுங்கைச் சனம் யார் யார் வந்தது, அம்மா உங்களைக் கேட்டாரா. கடைசிக் கேள்விக்குப் பதில் கேட்கத் தைரியம் இல்லாவிட்டால் அன்றைக்கு அதை விடுங்கள்.

அவர் கோபப்படலாம். "இப்ப ஏன் வந்தனீ?" என்று கேட்கலாம். இந்த இடத்தில் நீங்கள் ஒரு கணக்கைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும். 2011 வரைக்கும் வர முடியாதது உங்கள் பிழை இல்லை. அகதி வழக்கு நடக்கும்போது அதே நாட்டுக்குத் திரும்பிப் போனால் வழக்கே போயிருக்கும். அதற்கு வெட்கப்படாதீர்கள். 2011க்குப் பிறகு வராதது வேறு கதை. அது உங்களுடையது. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்து, மொத்தத்துக்கும் குற்ற உணர்வு சுமக்கிறீர்கள். அதனால்தான் அது தூக்க முடியாத பாரமாக இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு மட்டும், "பாஸ்போர்ட் வந்த பிறகும் வரேல்ல, உன்ர முகத்தைப் பார்க்கப் பயமா இருந்தது" என்று சொல்லுங்கள். கோலுக்கு முதல் காசை அனுப்பியதற்கும் சேர்த்துச் சொல்லலாம். சாட்டு எதுவும் பின்னால் ஒட்ட வேண்டாம்.

கதை முடிந்த பிறகு, அவருக்கு மனமிருந்தால், தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்கு இரண்டு பேரும் நடந்து போங்கள். எந்த இடத்தில் கரைத்தார் என்று காட்டட்டும். அம்மாவுக்காகச் சித்திராபறுவத்துக்கு வருசம் தவறாமல் விரதம் பிடிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை அவருக்குச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது.

போனில் "வேண்டாம்" என்று சொன்னால்? ஒரு கடிதம் எழுதுங்கள், கையால். அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு ஒரு தரம், ஒரே ஒரு தரம், திரும்பக் கேளுங்கள். அதோடு விடுங்கள். மறுப்பதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. உறவுக்காரரைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போகாதீர்கள். நம் ஆக்கள் சமாதானம் பேசப் போனால் இரண்டு பேர் சண்டை எட்டுப் பேர் சண்டையாகும்.

காசு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இப்போது உண்மையாகவே தேவை இருக்கலாம். கடை வைத்திருப்பவர் என்கிறீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. இங்கே கடை வைத்திருந்த யாரும் அந்த வருசத்தைச் சும்மா கடக்கவில்லை. அப்படியிருந்தாலும் முதல் சந்திப்பில் காசைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தேத்தண்ணித் தட்டுக்குக் கீழே என்வலப் வைத்துவிட்டு வருகிற வேலை வேண்டவே வேண்டாம். நாலைந்து தரம் பழகி, ஊருக்குப் போய், மாதத்துக்கு ஒரு தரமாவது கதைக்கிற நிலைமைக்கு வந்தால், அப்போது நேராகவே கேளுங்கள்.

சரி, அந்த 26 வீடு. என் தம்பி ஜெர்மனியிலிருந்து முதல் தடவை வந்தபோது நான் சம்பளத்தில் முற்பணம் எடுத்துக் குளியலறைக்குச் சுடுதண்ணி ஹீட்டர் பூட்டினேன். வந்தவன் முதல் நாளே, "இந்த வெக்கையில ஆர் சுடுதண்ணியில குளிக்கிறது?" என்றான். 11 நாளில் அவன் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டது மூன்று நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் வீடு வீடாக ஓடினான், எங்கே போனாலும் றோல்ஸும் கேக்கும். நீங்கள் 20 நிமிடம் வந்து போகிற ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு முதல் இரண்டு நாள் துடைப்பும் சமையலும் நடந்திருக்கும். நீங்கள் எழும்பிப் போன பிறகு, "நிக்கக்கூட நேரமில்லையாம்" என்பார்கள். பட்டியலைப் பத்தாகக் குறையுங்கள். நடமாட முடியாத வயதானவர்கள், நீங்கள் இல்லாத காலத்தில் சாவு நடந்த வீடுகள், இவ்வளவுதான் கட்டாயம். துக்கம் விசாரிக்கிற வீட்டில் வெளிக்கிடும்போது "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது என்று உங்கள் மனைவிக்கும் ஞாபகப்படுத்துங்கள். பழக்கம் விட்டுப் போயிருக்கும். மிச்ச 16 வீட்டையும் அக்கா வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம். செலவு உங்களுடையது, சமையல் கடையிலிருந்து வரட்டும். அக்காவை அடுப்படியில் நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. தமிழ் முழுசாகக் கதைக்காவிட்டாலும் 17 வயதும் 14 வயதும் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். வெள்ளவத்தை ஸ்டேசனில் கோட்டைக்கு ரயில் ஏற்றுங்கள். இடது பக்க யன்னல், கோட்டை வரும்வரை பெரும்பாலும் கடல்தான். உங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறது என்று அக்கா சொல்லிவிட்டார். போய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் விடிய ஆறு மணிக்கு நீங்கள் தனியாகப் போய் வாருங்கள். பிள்ளைகளுக்கு அங்கே காட்ட ஒன்றுமில்லை, அவர்கள் படம் எடுக்கிற நேரத்தில் உங்களுக்கு அழவும் முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஒன்பது நாள் உள்ளே இருந்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் தொழிலில் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. கட்டுநாயக்காவில் குடிவரவு வரிசையில் சீருடையைக் கண்டதும் கை நடுங்கலாம், வியர்க்கலாம், வயிறு கலக்கலாம். இத்தனை வருசம் கழித்தும் உடம்பு அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கும். அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். மனைவிக்கு இப்போதே சொல்லி வையுங்கள், வரிசையில் அவர் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். பாதத்தை நிலத்தில் அழுத்தி, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடுங்கள். வெளியே வந்தால் உங்கள் ஞாபகத்தில் இருக்கிற அந்தப் பாதையால் வாகனம் போக வேண்டியதில்லை. 2013இல் திறந்த அதிவேக வீதியால் நேரே கொழும்புக்கு வந்துவிடலாம். சாரதியிடம் அப்படியே சொல்லுங்கள். இங்கே நிற்கும்போது தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுத்துத் தமிழிலேயே கதைக்கலாம். திரும்பிப் போய் மூன்று நாலு கிழமைக்குப் பிறகும் கெட்ட கனவும் நித்திரையின்மையும் விடாவிட்டால் உங்கள் ஜீபியிடம், அங்கத்தைய குடும்ப வைத்தியரிடம், அந்த ஒன்பது நாளையும் சொல்லுங்கள். இவ்வளவு காலமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கோலை மார்கழி வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள், இந்தக் கிழமையே எடுங்கள். அவர் இரவு ஒன்பதுக்குத்தான் கடைக்கு ஷட்டர் இழுப்பார் என்று அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட ஒரு அரை மணித்தியாலம் விடுங்கள். இங்கே ஒன்பதரை என்றால் உங்களுக்குப் பின்னேரம் நாலு மணி, அங்கே கோடை நேரம் என்றால் ஐந்து. அந்த நேரம் வேலையிலிருந்து வெளியே வந்து, எங்காவது தனியாக நின்று எடுங்கள்.